உம்மம்மாவும் முப்பது செக்கனும்: ஒரு ரிங்கின் வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டு, இன்றைக்கே உங்கள் வீட்டு வயதானவர்களின் போனை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

போன நோன்புக்கு முந்திய மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு மனஸ்தாபம். கட்டாரில் இருக்கிற ராத்தா உம்மம்மாவுக்குக் கோல் எடுக்கிறா, உம்மம்மா எடுப்பதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு கிழமையாக இதே கதை. ஒரு இரவு ராத்தா எனக்கு வொய்ஸ் அனுப்பி அழுதா. "உம்மம்மாக்கு என்னோட கோபம். காணி விசயத்த மனசில வச்சிக்கிட்டுத்தான் போன எடுக்கிறா இல்ல" என்றா.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் உம்மம்மாவிடம் போனேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னா: "வெளிநாட்டுக்குப் பெய்த்தா கிழவிய ஆருக்கு ஞாபகம்? ரெண்டு தரம் அடிச்சிட்டு வச்சிடுறாள். பேருக்கு ஒரு கோல். நான் எழும்பி வாறத்துக்குள்ள நிண்டுடுது மகன்."

இருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் நடுவில் என்ன நடக்கிறது?

நான் வெளியே போய் என் போனிலிருந்து உம்மம்மாவின் நம்பருக்கு அடித்து, கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். உம்மம்மா இருந்தது பின் விறாந்தையில். போன் இருந்தது முன் அறை அலுமாரியின் மேல், சார்ஜில், ஒரு துணியால் மூடி. முழங்கால் வருத்தத்தோடு எழும்பி, சுவரைப் பிடித்து நடந்து, துணியை விலக்கிக் கையில் எடுக்க 26 செக்கன். ஆனால் போன் 10 செக்கனிலேயே நின்றுவிட்டது. என் காதில் ஒரு பெண் குரல், செய்தியைப் பதிவுசெய்யச் சொன்னது.

விசாரித்துப் பார்த்ததில் காரியம் விளங்கியது. அந்த சிம் முன்பு என் மச்சான் கொழும்பில் கந்தோர் வேலை செய்தபோது பாவித்தது. கூட்டங்களில் இருக்கும்போது போன் அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது என்று, 10 செக்கனில் வொய்ஸ் மெயிலுக்குப் போகும்படி அவர் மாற்றி வைத்திருந்தார். பிறகு சிம்மை உம்மம்மாவின் பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டார். போன் மாறியது, ஆள் மாறியது, அந்தப் 10 செக்கன் மட்டும் மாறவில்லை. ஏனென்றால் அது போனிலோ சிம்மிலோ இல்லை. கொம்பனியின் கணினியில், அந்த நம்பரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

இப்படி 16 செக்கன் வித்தியாசத்தால் ஒரு குடும்பம் இரண்டு கிழமை பேசாமல் இருந்தது. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி விடவில்லை. ஒரு போன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள்? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

*1. மணி இல்லாத காலம்*

1876இல் கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை எடுத்தபோது அதில் மணியே இருக்கவில்லை. மறுமுனையில் இருப்பவரைக் கூப்பிட, கருவிக்குள் கத்த வேண்டும், இல்லையென்றால் அதன் தகட்டைத் தட்ட வேண்டும். பெல்லின் உதவியாளர் தோமஸ் வொட்சன்தான் இதற்கு வழி தேடி, 1878இல் மின்சாரத்தால் அடிக்கும் மணியைக் கொண்டு வந்தார்.

அந்த மணிக்குக் கால எல்லை கிடையாது. எக்ஸ்சேஞ்சில் ஒருவர் இருந்து கையால் இணைப்பைக் கொடுப்பார். அவர் "ஆளில்லை போல" என்று சொல்லும்வரை அது அடிக்கும். கூப்பிடுகிறவருக்கும் எடுக்கிறவருக்கும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். "கொஞ்சம் பொறுங்க, அந்த வீட்டம்மா நடந்து வர நேரமெடுக்கும்" என்று தெரிந்து வைத்திருக்க அவரால் முடிந்தது. பின்னால் வந்த தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்தது செக்கன் கணக்கு மட்டும்.

பிரித்தானியர் முறையில் மணி இரண்டு இரண்டாக அடிக்கும். ட்ரிங் ட்ரிங், பிறகு இரண்டு செக்கன் அமைதி. ஒரு சுற்றுக்கு 3 செக்கன். அப்படியென்றால் 30 செக்கன் என்பது பத்துத் தடவை. உம்மம்மாவுக்குக் கிடைத்தது மூன்று தடவையும் கொஞ்சமும்.

*2. பத்து நிமிடம் காத்திருந்த காலம்*

இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே முதல் தந்திக் கம்பி போட்டது 1858இல். ஆனால் எங்களைப் போன்ற கரையோர ஊர்களுக்கு டெலிபோன் என்பது வெகுகாலம் தபால் கந்தோரின் சாமான். தந்தி வந்தால் மவுத்துச் செய்தி என்று வீடே நடுங்கும். வீட்டுக்கு லைன் வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1991இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, அரச திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் ஆனது. 1997இல் ஜப்பானின் என்.டி.டி. கொம்பனி அதில் பங்கு வாங்கியது. இதற்குப் பிறகுதான் லைன் கிடைப்பது கொஞ்சம் இலகுவானது.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருப்பது கொம்யூனிகேஷன் கடைதான். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்களில் காசு ஓடும் மீட்டர், சுவரில் நாடுகளின் கோட் நம்பர் எழுதிய மட்டை. எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் எத்தனை உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு புத்தளம், கல்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த உறவுகளுக்கும் இந்தக் கடைகள்தான் துணை. ஒரு தம்பி கொழும்பில், ஒரு ராத்தா ஜித்தாவில், தாய் இங்கே ஓலைக் கொட்டிலில் என்று சிதறிய குடும்பங்களை அந்தக் கண்ணாடிக் கூண்டுகள்தான் சேர்த்து வைத்தன.

வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் கடை நானா எடுப்பார். "பத்து நிமிஷத்தால எடுங்க, ஆள் அனுப்புறன்" என்பார். ஒரு பொடியன் சைக்கிளில் பறப்பான். உம்மம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மணலில் நடப்பா, பின்னால் நாங்கள் ஓடுவோம். மறுபடி கோல் வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருப்போம். சில நாள் வராது. திரும்பி நடக்கும்போது யாரும் கதைக்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அன்று ஒரு கோல், எடுக்கிற ஆள் நடந்து வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்தது. காரணம், அந்த இடத்திலும் நடுவில் ஒரு மனிதர் இருந்தார். கடை நானாவுக்கு யார் வீடு எவ்வளவு தூரம் என்று தெரியும்.

*3. ரிங் கட்*

1989இல் செல்டெல் கொம்பனி இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே முதலாவது அதுதான். இந்தியாவுக்கு அது 1995இல்தான் வந்தது. 1993இல் மொபிடெல், 1995இல் டயலொக். ஆனாலும் ஆரம்பத்தில் அது பணக்காரர் வீட்டுச் சாமான். இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அன்றைக்கு நம் நாட்டில் கோல் எடுத்தவர் மட்டுமில்லை, கைபேசியில் வந்த கோலுக்குப் பதில் சொன்னவரும் காசு கட்ட வேண்டும். "ஹலோ" என்றாலே மீட்டர் ஓடும்.

அப்போதுதான் சனங்கள் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். எடுத்தால்தான் காசு. அடிப்பதற்குக் காசில்லை.

மிஸ்ட் கோல் பிறந்தது இப்படித்தான். நாங்கள் ரிங் கட் என்போம். எங்கள் கரையில் அதற்கொரு அகராதியே இருந்தது. கடலுக்குப் போன போட் சிக்னல் கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் ஒரு ரிங் கட். மீன் குறைவு, நீ மட்டும் வா என்று அர்த்தம். இரண்டு ரிங் கட் வந்தால் ஐஸும் லொறியும் தேவை. கலாசாலையில் படித்த காலத்தில் எனக்கும் உம்மாவுக்கும் ஒரு கணக்கு. விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங், கையில் காசு முடிந்தால் இரண்டு. அந்த இரண்டு வருடத்தில் நான் அடித்த இரண்டு ரிங் கட்டுகளின் எண்ணிக்கை உம்மாவுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

ஏழை சனத்தின் இந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்காரர்களும் கவனித்தார்கள். ஜொனதன் டொன்னர் என்ற ஆய்வாளர் ருவாண்டா நாட்டில் இதைப் பார்த்து 2007இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அங்கே இதை 'பீப்' என்பார்கள். அவர் கண்டது நாம் அறிந்ததுதான். திருப்பி எடு என்று சொல்ல ஒரு பீப், முன்பே பேசி வைத்த செய்திக்கு ஒரு பீப், உன்னை நினைத்தேன் என்று சொல்ல ஒரு பீப். வசதி உள்ளவர் வசதி இல்லாதவருக்கு பீப் கொடுத்தால் அது மரியாதை இல்லை என்ற எழுதாத சட்டமும் அங்கே இருந்தது. கண்டக்குழிக்கும் கிகாலிக்கும் இடையில் எவ்வளவு கடல்! சட்டம் மட்டும் ஒன்று.

*4. நடுவில் வந்த பெண் குரல்*

ரிங் கட் கணக்கைக் குழப்பியது வொய்ஸ் மெயில். ஆனால் அதன் கதை கைபேசியை விடப் பழையது.

1898இல் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் போல்சன் உருக்குக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதியும் கருவியைச் செய்தார். டெலிபோனில் ஆளில்லாதபோது செய்தியைப் பிடித்து வைப்பது அவர் மனதிலிருந்த ஒரு நோக்கம். பாட்டுக் கேட்ட கசட்டுக்கும் அதுதான் மூதாதை. கொம்பனிகளுக்கான வொய்ஸ் மெயில் முறைக்கு அமெரிக்காவின் கோர்டன் மெத்யூஸ் 1979இல் விண்ணப்பித்து 1983இல் காப்புரிமை பெற்றார்.

வீடுகளுக்கு வந்த பதில் சொல்லும் மெஷினில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர் தன் வீட்டுக்கே போன் அடித்துச் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பார். மெஷின் எடுத்துவிட்டால் தூர அழைப்புக்குக் காசு. அதனால் மெஷினை இப்படிச் செய்தார்கள்: புதிய செய்தி இருந்தால் இரண்டு ரிங்கிலேயே எடுக்கும், இல்லாவிட்டால் நான்கு ரிங் வரை பொறுக்கும். மூன்றாவது ரிங் கேட்டதும் வீட்டுக்காரர் "ஒன்றுமில்லை" என்று விளங்கிக்கொண்டு போனை வைத்துவிடுவார். காசு மிச்சம். பணக்கார அமெரிக்காக்காரனும் நம்மைப் போல ரிங்கை எண்ணிக் காசு மிச்சம் பிடித்திருக்கிறான்!

கைபேசியில் வொய்ஸ் மெயில் வந்தபோது சிக்கல் வேறு மாதிரி. அந்தக் குரல் எடுத்துவிட்டால் கோல் இணைந்துவிட்டது என்று கணக்கு, அடித்தவருக்குக் காசு போகும். கடலில் இருந்து ரிங் கட் அடிக்கிறவர் கொஞ்சம் பிந்தினால் பெண் குரல் வந்து மிச்சமிருந்த ரீலோடையும் தின்றுவிடும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் வொய்ஸ் மெயில் எடுபடவே இல்லை. மெசேஜ் விடச் சொன்னால் நாம் பதறி வைத்துவிடுவோம்.

எத்தனை செக்கனில் அந்தக் குரல் எடுக்க வேண்டும்? ஐரோப்பாவில் உருவாகி 1991இல் பின்லாந்தில் பாவனைக்கு வந்த ஜி.எஸ்.எம். முறையின் விதிகளில் இதற்கு இடமிருக்கிறது. 5 செக்கனிலிருந்து 30 செக்கன் வரை, ஐந்து ஐந்தாக. 5, 10, 15, 20, 25, 30. இந்த ஆறில் ஒன்றை வாடிக்கையாளரே தெரிவு செய்யலாம். என் மச்சான் தெரிவு செய்தது இரண்டாவது. 30க்கு மேல் அந்தக் கணக்கில் இடமே இல்லை.

*5. ஐந்து செக்கனுக்காக ஒரு யுத்தம்*

ரிங்கின் நீளம் சின்ன விசயம் என்று நினைத்தால், 2019இல் இந்தியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே ஒரு கொம்பனியின் வாடிக்கையாளர் இன்னொரு கொம்பனியின் நம்பருக்குக் கோல் எடுத்தால், முதல் கொம்பனி மற்றதற்கு ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். 2017 ஒக்டோபரிலிருந்து அது நிமிடத்துக்கு 6 பைசா. 2016இல் வந்த ஜியோ தன் வாடிக்கையாளருக்குக் கோலை இலவசமாக்கியது. இலவசம் என்றால் அவர்கள்தானே கூட எடுப்பார்கள்? அதனால் மற்றக் கொம்பனிகளுக்கு ஜியோதான் காசு கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் ஜியோ தன் நம்பர்களிலிருந்து போகும் கோல் அடிக்கும் நேரத்தை 20 செக்கனாகக் குறைத்துவிட்டது என்று எயார்டெல் முறையிட்டது. ஏன் குறைக்க வேண்டும்? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். ஜியோ வைத்திருக்கும் ஒருவர் எயார்டெல் வைத்திருக்கும் மாமிக்கு அடிக்கிறார். மாமி கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் 20 செக்கன் முடிந்துவிட்டது. மாமி மிஸ்ட் கோலைப் பார்த்துத் திருப்பி எடுக்கிறா. இப்போது கோல் எயார்டெலிலிருந்து ஜியோவுக்குப் போகிறது, காசு கொடுக்க வேண்டியது எயார்டெல். கணக்கு தலைகீழ்.

ஜியோ இதை ஒத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் வழக்கமான நேரமே 15 முதல் 20 செக்கன்தான், யாரும் எடுக்காத கோல் நீண்ட நேரம் அடித்தால் அலைவரிசை வீணாகிறது என்றது. அதில் உண்மையும் உண்டு. போன் அடித்துக்கொண்டிருக்கும்போதும் வலையமைப்பில் ஒரு வழி பிடிபட்டிருக்கும், ஆனால் வருமானமில்லை. மற்றக் கொம்பனிகளின் ஆட்கள்தான் தன் வாடிக்கையாளருக்கு நாளுக்கு 25 முதல் 30 கோடி மிஸ்ட் கோல் கொடுத்து, ஓசியில் திருப்பி எடுக்க வைக்கிறார்கள் என்றும் ஜியோ சொன்னது. நம் ரிங் கட், பெரிய கொம்பனிகளின் கணக்குப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு ஜியோ 25 செக்கனாகக் கூட்டியது. எயார்டெலும் வோடபோன் ஐடியாவும் போட்டிக்கு 25க்குக் குறைத்தன. ஒக்டோபர் 9ஆம் திகதி, மற்ற வலையமைப்புக்கு எடுக்கும் கோலுக்கு நிமிடத்துக்கு 6 பைசா அறவிடப் போவதாக ஜியோ அறிவித்தது. கடைசியில் நவம்பர் 1ஆம் திகதி இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு விதியை எழுதியது. எடுக்கப்படாமலும் வெட்டப்படாமலும் இருக்கும் கோல், கைபேசியில் 30 செக்கன் அடிக்க வேண்டும். வீட்டு லைனில் 60 செக்கன் அடிக்க வேண்டும். சண்டைக்குக் காரணமான 6 பைசாவும் 2021 ஜனவரி 1ஆம் திகதி இல்லாமல் போனது.

*6. முப்பதும் அறுபதும்*

அந்த விதியில் என்னை நிறுத்தி வைத்தது இரண்டு எண்கள். கைபேசிக்கு 30, வீட்டு லைனுக்கு 60. ஏன் இரட்டிப்பு?

எனக்கு விளங்கியது இதுதான். கைபேசி பொக்கட்டில் இருக்கும் என்று நினைக்கிறோம், கையை விட்டால் எடுக்கலாம். வீட்டு லைன் ஒரு இடத்தில் இருக்கும், ஆள் நடந்து வர வேண்டும். அந்த நடைக்குத்தான் அடுத்த முப்பது செக்கன்.

இப்போது உம்மம்மாவின் போனை நினைத்துப் பாருங்கள். அலுமாரியின் மேல், சார்ஜில், துணி மூடி. அது எந்த நாளும் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. உம்மம்மா வைத்திருப்பது கைபேசியே இல்லை, வயர் இல்லாத வீட்டு லைன். எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சிலர் குர்ஆன் வைக்கும் தட்டில், சிலர் தலையணைக்குக் கீழே, சிலர் பேரப்பிள்ளை எடுக்காதபடி பெட்டியில் பூட்டி. அவர்களுக்குத் தேவை 60. முறையே அதிகபட்சம் தருவது 30. அதையும் நாம் யாரோ ஒருவரின் கந்தோர் வசதிக்காகப் 10 ஆக்கி வைத்திருந்தோம்.

ஹதீஸ் கிரந்தங்களில் வரும் ஒரு சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் கலீபா உமர் (ரழி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று தடவை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிப் போனார்கள். ஏன் போனீர் என்று உமர் (ரழி) கேட்டபோது, மூன்று தடவைதான் என்று நபியவர்கள் (ஸல்) சொன்னதைச் சொன்னார்கள். உமர் (ரழி) அதற்குச் சாட்சியும் கேட்டார்கள், சாட்சியும் வந்தது. காத்திருப்புக்கு எல்லை உண்டு, பதில் வராவிட்டால் மனதில் எதையும் வைக்காமல் திரும்ப வேண்டும் என்பது அதில் நான் படிக்கும் பாடம். உள்ளே இருப்பவருக்கு ஒரு நிலைமை இருக்கலாம். தொழுகையில் இருக்கலாம், கிணற்றடியில் இருக்கலாம், முழங்கால் எழும்ப விடாமல் இருக்கலாம். எடுக்காத போனைப் பார்த்து "கோபம்", "மறந்துட்டாள்" என்று நாமே தீர்ப்பு எழுதுகிறோமே, அதுதான் பிழை.

*7. நாம் செய்யக்கூடியது*

உம்மம்மாவின் போனில் நான் செய்ததை எழுதுகிறேன். வட்ஸ்அப் கோலுக்கு இது பொருந்தாது, சாதாரணக் கோலுக்கு மட்டும்.

முதலில் *#61# என்று அடித்து, கோல் பட்டனை அமத்திப் பாருங்கள். எடுக்காத கோல் எங்கே போகிறது, எத்தனை செக்கனில் போகிறது என்று திரையில் வரும்.

வொய்ஸ் மெயில் தேவையில்லை என்றால் ##61# அடித்தால் அந்தத் திருப்பம் நீங்கிவிடும். அதன் பிறகு போன் வலையமைப்பு விடும்வரை அடிக்கும்.

நான் இன்னொரு வேலையும் செய்தேன். உம்மம்மா எடுக்காவிட்டால் கோல் அடுத்த வீட்டிலிருக்கும் சாச்சியின் போனுக்குப் போகும்படி மாற்றினேன். அதற்கு **61* அடித்து, சாச்சியின் நம்பரை +94 சேர்த்துப் போட்டு, பிறகு *11*30# அடிக்க வேண்டும். 30 என்பது செக்கன். அந்த இடத்தில்தான் என் மச்சானின் 10 இருந்தது. இப்போது ராத்தா அடித்தால் உம்மம்மாவிடம் முப்பது செக்கன் அடிக்கும். எடுக்காவிட்டால் சாச்சியிடம் அடிக்கும். சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமி தொழுறாங்க, பத்து நிமிஷத்தால எடு" என்பா. கொம்யூனிகேஷன் நானாவின் வேலையை இப்போது சாச்சி பார்க்கிறா.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, திருப்பி விடப்படும் கோலுக்குப் பொதுவாகத் திருப்பி விடுகிற நம்பரிலிருந்துதான் காசு போகும், ஆகவே ரீலோட் இருக்கட்டும். உங்கள் கொம்பனியிடம் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது முக்கியமானது. முன்பின் தெரியாத யாராவது போன் பண்ணி இப்படி ஒரு நம்பரை அடிக்கச் சொன்னால் அடிக்கவே வேண்டாம். உங்கள் கோலைத் தங்கள் நம்பருக்குத் திருப்பி, இரகசியக் குறியீடுகளைக் கேட்டு, வட்ஸ்அப்பையும் வங்கிக் கணக்கையும் பறிக்கிற கூட்டம் இருக்கிறது. வயதானவர்களுக்கு இதை விளங்கப்படுத்தி வையுங்கள்.

அன்று மாலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ராத்தாவை மறுபடி எடுக்கச் சொன்னேன். போன் அடித்தது. உம்மம்மா எழும்பினா. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரைப் பிடித்து, நிலைப்படியைத் தாண்டி, துணியை விலக்கி, பட்டனைத் தேடி அமத்தினா. இருபத்தெட்டாவது செக்கனில் "ஹலோ" என்றா. அந்தப் பக்கம் ராத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு பேரும் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். காணி விசயம் வரவே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் உம்மாவின், வாப்பாவின், மூத்தாப்பாவின் போனுக்கு நீங்களே ஒருமுறை அடித்து, அவர்கள் எழும்பி வர எத்தனை செக்கன் எடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று கீழே எழுதுங்கள். நம்பர் மாற்றத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு போனைக் கொண்டு வாருங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே போன் எடுபடாவிட்டால் கோபிக்காமல் இன்னொரு தரம் அடியுங்கள். யாரோ ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்.